பூமி தாங்கும், கடைமடை தாங்குமா?

"பூமி பிறந்தப்போ காத்துல கரியமில வாயு கொட்டிக் கிடந்துச்சு. அப்பவே ஒண்ணும் ஆகலை, இப்ப மட்டும் என்ன குடி முழுகிடப் போகுது?"

புவி வெப்பமடைதல் என்று யாராவது வாயைத் திறந்தால் இப்படி மடக்குகிறவர்கள் நாகப்பட்டினம் டீக்கடையிலும் உண்டு, இணையத்திலும் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். பாதி உண்மை எப்போதுமே அப்படித்தான்!

சரி, மீதிப் பாதியைப் பார்ப்போம்.

சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த பூமிக்கு எரிமலைகள் கக்கிய வாயுக்கள்தான் காற்று. நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன். சுவாசிக்க ஆக்சிஜன் கிடையாது. அன்றைய சூரியனோ இன்றைய வெளிச்சத்தில் முக்கால் பங்குகூடத் தரவில்லை. அந்த வாயுப் போர்வை இல்லாவிட்டால் கடலே உறைந்திருக்கும். இன்றைய சூரியன் அப்படியா இருக்கிறது? இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அத்தனை கரியமில வாயுவும் எங்கே போனது? பூமி குளிர்ந்தது, நீராவி மழையானது. மழைநீர் அந்த வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிப் பாறைகளை அரித்தது. கரைந்த கால்சியம் கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புக் கல்லாகப் படிந்தது. மலையைத் தின்று காவிரிக்கு வண்டல் கொடுத்ததிலும் இதே மழைக்குப் பங்கு உண்டு. வாயுவை இப்படிக் கல்லில் பூட்ட முடியாத வெள்ளிக் கிரகத்தில் இன்றும் காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு. தரையில் சுமார் 460 டிகிரி வெப்பம்!

சந்தேகம் இருந்தால் தஞ்சாவூரைத் தாண்டி அரியலூர் போய்ப் பார்க்கலாம். டைனோசர் காலத்தில் கடலாக இருந்த இடம். அங்கே படிந்த சுண்ணாம்புக் கல்லைத்தான் சிமென்ட் ஆலைகள் வெட்டுகின்றன. ஒரு டன் சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் சுமார் 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளின் புகை தனிக் கணக்கு. பல லட்சம் ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் போட்ட டெபாசிட்டைச் சூளை சில மணி நேரத்தில் காலி செய்கிறது.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இதையும் பூமி மழையாலும் பாறையாலும் சரிக்கட்டிவிடும், மறுக்கவில்லை. ஆனால் முழுதாகச் சரிக்கட்ட லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கடைமடை விவசாயிக்கு அடுத்த சம்பா வரை காத்திருப்பதே பெரும்பாடு. கடல் மட்டம் உயர்ந்து உப்பு ஏறினால் அந்த வயலில் என்ன விளையும்?

"அப்பவே ஒண்ணும் ஆகலை" என்கிறார்களே, அப்போது நாற்று நட்டிருந்தது யார்?

பூமிக்கு ஒன்றும் ஆகாது, ஐயா. நாகைக்கு ஆகும்.