கண்டம் போடும் முன் டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள்

2011 செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் மேடை போட்டு, விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார் அன்றைய முதல்வர் ஜெயலலிதா. கூடவே மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. அடுத்து வந்த ஆண்டுகளில் எல்காட் மூலம் மாணவர்கள் கைக்குப் போன லேப்டாப்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

அதே நாளில் வந்த மிக்ஸி மக்கர் பண்ணினால் என்ன செய்கிறார்கள்? கார்பன் பிரஷ்ஷை மாற்றி மறுபடி சட்னி அரைக்கிறார்கள். லேப்டாப் மெதுவானால் மட்டும் "அவ்ளோதான், காலாவதி ஆயிடுச்சு, எடைக்குப் போடு". அலுவலகமாக இருந்தால் கண்டம் போட்டு ஒரு கையெழுத்து. இது என்ன நியாயம்?

ஆன் பண்ணிவிட்டு டீ குடித்து வந்தாலும் திரை வராத லேப்டாப்பில் பெரும்பாலும் கெட்டுப் போயிருப்பது பிராசஸர் அல்ல. உள்ளே சுழன்று கொண்டிருக்கும் வன்தட்டுதான் குற்றவாளி. கணக்குப் போட்டால் தெரியும். லேப்டாப் வன்தட்டு வழக்கமாக நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, முள் நகர இன்னும் பத்து மில்லி செகண்ட் போல. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் துண்டுகளைப் படிக்கச் சொன்னால் ஒரு செகண்டுக்கு அறுபது எழுபதைத் தாண்டாது. பூட் ஆவது என்றால் இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைப் படிப்பதுதான். எஸ்.எஸ்.டி.யில் முள்ளும் இல்லை, சுற்றும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே ஒரு துண்டை ஏறக்குறைய 0.1 மில்லி செகண்டில் கொடுத்துவிடும். நிமிடக் கணக்கு செகண்ட் கணக்காகிறது. லேப்டாப்பின் பின்னால் சில ஸ்குரூக்கள், அவ்வளவே வேலை.

நிற்க. இங்கேதான் இன்னொரு கூட்டம் குறுக்கே வரும். "சாட்டாவெல்லாம் பழசு மச்சி, என்விஎம்இ கார்டு போடு, ஆறு மடங்கு வேகம்" என்பார்கள். காகிதத்தில் உண்மை. சாட்டா செகண்டுக்கு 550 எம்பி, மூன்றாம் தலைமுறை பிசிஐஇ கார்டு 3500 எம்பி வரை. ஆனால் பழைய கணினி அந்தக் கார்டிலிருந்து பூட் ஆகுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. என்விஎம்இ முதல் விவரக்குறிப்பே 2011இல்தான் வெளிவந்தது. அந்தக் கால மதர்போர்டின் பயாஸுக்கு அப்படி ஒரு மொழி இருப்பதே தெரியாது. லேப் டெஸ்க்டாப்பில் அடாப்டர் வைத்துச் செருகினால், சிஸ்டம் ஏறிய பிறகு டி டிரைவாகத் தெரியும். பூட் பட்டியலில் பெயரே இருக்காது. அதற்கும் முன்னால், பியூஷன்-ஐஓ நிறுவனத்தின் ஐஓடிரைவ் கார்டு ஆயிரக்கணக்கான டாலர் விலையில், அன்று வேகத்தில் ராஜாவாக வந்தது. அதிலிருந்தும் பூட் செய்ய முடியாது :-)

வழியே இல்லையா என்றால் இருக்கிறது. பென் டிரைவில் பூட்லோடரையும் லினக்ஸ் கெர்னலையும் வைத்துத் துவக்கி, மீதி சிஸ்டத்தைக் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்யலாம். வீட்டில் ஒருவர் விளையாடிப் பார்க்க நல்ல வித்தை. ஆனால் நாற்பது கணினி இருக்கும் பள்ளி லேபுக்கு இது ஆகாது, ஒரு பென் டிரைவ் தொலைந்தால் ஒரு கணினி போச்சு. பூட் நேரத்தில் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் வித்தியாசம் சில செகண்டுகள்தான். வன்தட்டுக்கும் சாட்டாவுக்கும் வித்தியாசம் நிமிடங்கள். எதற்குக் காசு கொடுப்பது புத்திசாலித்தனம்?

தொழிற்சாலைக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். ஒரு ரோலிங் மில்லின் தூசியிலும் அதிர்விலும் சுழலும் வன்தட்டு நெடுநாள் தாங்காது. ஆகவே தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினிகள் பல, காம்பாக்ட் பிளாஷ் கார்டிலிருந்தே பூட் ஆகின்றன. பார்க்க கேமரா கார்டு. உள்ளே பேசுவது பழைய ஐடிஇ வன்தட்டின் மொழி. பயாஸும் அதை டிஸ்க் என்றே நம்பும். கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற எஃகு ஆலை வட்டாரங்களில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி பல ஆண்டுகள் உழைக்க இந்த எளிய யோசனை போதும். உருக்காலைக்குத் தெரிந்த பாடம் பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரவில்லை?

எதிர்வாதங்களையும் பார்த்துவிடலாம். ராம் குறைவு என்பது நியாயமான புகார். 2 ஜிபி ராமை வைத்துக்கொண்டு இன்றைய பிரவுசரோடு மல்லுக்கட்ட முடியாது, எஸ்.எஸ்.டி.யோடு ராமையும் ஏற்றத்தான் வேண்டும். திரை உடைந்தது, போர்டு எரிந்தது என்றால் தாராளமாக அனுப்பலாம். ஆனால் "விண்டோஸ் 10 போச்சே" என்ற புலம்பல் எடுபடாது. 2025 அக்டோபர் 14ஆம் தேதி அதன் வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை, டிபிஎம் 2.0 இல்லாத கணினியை விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்ளாது என்பதும் உண்மை. ஆனால் இந்தத் திட்ட லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் ஏற்றித்தானே கொடுத்தார்கள்? அது டெபியன் வழி வந்தது. தீர்வைக் கையில் கொடுத்தும் பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தர ஆள் வைக்காததுதான் தவறு.

2025இல் எல்காட் 20 லட்சம் லேப்டாப்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்டபோது 256 ஜிபி எஸ்.எஸ்.டி. வேண்டும் என்று எழுதியது. அதாவது சுழலும் தட்டின் காலம் முடிந்தது என்று அரசுக்கே தெரியும். புதிதாக வாங்கும்போது தெரிந்த உண்மை, பழையதைக் கழிக்கும்போது மட்டும் மறந்து போவதேன்? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், உடைத்து உலோகம் எடுப்பவர் வேறு, சரிசெய்து திரும்ப ஓட விடுபவர் வேறு என்று தனித்தனியாகப் பதிவு செய்யச் சொல்கின்றன. சட்டத்தில் இரண்டாவது கதவு திறந்தே இருக்கிறது, தட்டுவதற்குத்தான் ஆளில்லை.

கண்டம் போடும் படிவத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: "எஸ்.எஸ்.டி. மாட்டி, லினக்ஸ் ஏற்றிப் பார்த்தாயிற்றா?" ஆம் என்று எழுத முடியாதவர் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு மாவட்டத்துக்கு ஒரு பாலிடெக்னிக், ஒரு ஐடிஐ, பத்து ஸ்குரூ டிரைவர், ஒரு மாத ப்ராஜெக்ட் வேலை. மாணவர்களுக்கு மதிப்பெண், தம்பி தங்கைகளுக்கு ஓடுகிற கணினி. இதைவிட்டு, உயிரோடு இருக்கும் போர்டை கும்மிடிப்பூண்டிப் பக்க மின்கழிவு ஆலைக்கு ஏற்றிவிட்டு, கிலோ கணக்கில் ரசீது வாங்குவதற்குப் பெயர் மறுசுழற்சி அல்ல, சோம்பேறித்தனம்.