பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தா கறை போகாது... மூச்சுதான் போகும்!

உசிலம்பட்டி பக்கம் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், துவைக்கிற கல்லில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மஞ்சள் நீராட்டில் நனைந்த வெள்ளை வேட்டியில் சோப்பு பட்டதும், மஞ்சள் கறை சட்டென்று சிவக்கும். 'ஐயையோ, சாயம் ஒட்டிக்கிச்சே' என்று பதறி, அடுத்து கை போவது பிளீச்சிங் பவுடர் டப்பாவுக்கு. அதுக்கும் அசையலைன்னா பாத்ரூம் கழுவுற ஆசிட். ஆபத்து ஆரம்பிப்பது இங்கேதான்.

மஞ்சள் ஏன் சிவக்கிறது?

மஞ்சளில் இருக்கும் குர்குமின், காரத்தன்மை உள்ள பொருளோடு சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பது இதனால்தான். துணி சோப்பும் காரம்தான். நன்றாக அலசினால் சிவப்பு மறைந்து பழைய மஞ்சளே திரும்பிவிடும். மிச்சக் கறைக்கு வெயில் போதும். ஒளி பட்டால் குர்குமின் சிதையும். ஈரத் துணியை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். மதுரைச் சீமையில் வெயிலுக்கா பஞ்சம்?

எல்லாக் கறைக்கும் ஒரே மருந்தா?

கொடிக்கம்பியிலிருந்து ஒட்டும் துருக்கறை வேறு ரகம். அது இரும்பு. பிளீச் போட்டால் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பருத்தித் துணி என்றால், எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவிக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து அலசினால் சிட்ரிக் அமிலம் துருவைக் கரைத்துவிடும். சாயத்துணி என்றால் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தடவ வேண்டும்.

தேர்தல் மை இன்னொரு ரகம். 1962 பொதுத்தேர்தலில் இருந்து பயன்பாட்டில் இருக்கும் இந்த மையைத் தயாரிப்பது மைசூர் பெயிண்ட்ஸ் நிறுவனம். அதில் இருக்கும் சில்வர் நைட்ரேட் வெளிச்சம் பட்டால் கறுக்கும். மஞ்சளை வெளுக்கும் அதே வெயில், இந்தக் கறையை இன்னும் கறுப்பாக்கும். அழியக் கூடாது என்றே செய்த மை அது. தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்கள் பழைய சட்டை போட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆக, கறை என்பது வெறும் அழுக்கு இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேதிப்பொருள். எது என்று தெரியாமல் கையில் கிடைத்ததை எல்லாம் ஊற்றினால் துணியும் போகும், உடம்பும் கெடும்.

கலந்தால் என்ன ஆகும்?

பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை ஆயுதமாகத் திறந்துவிட்ட அதே வாயு. ஜன்னல் சாத்திய சின்ன பாத்ரூமில் கண் எரியும், இருமல் வரும், மூச்சு திணறும். அதிகமாகச் சுவாசித்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். பிளீச் போட்ட துணியில் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றுவதும் தப்புதான். புகை கிளம்பினால் உடனே வெளியே வந்து காற்றோட்டமான இடத்துக்குப் போக வேண்டும். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

யார் பொறுப்பு?

'பார்த்து துவைச்சிருக்கணும்' என்று சொல்வது சுலபம். பெரும்பாலான வீடுகளில் துணி துவைப்பது அம்மாவோ மனைவியோதான். அந்தப் பழியும் அவர்கள் தலையில்தான் விழும். ஆனால் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, பெயர்கூட ஒட்டாமல் தெருவில் விற்கும் ஆசிட்டில் எதைப் படித்துத் தெரிந்துகொள்வது? கம்பெனி பாட்டிலிலும் எச்சரிக்கை பல நேரம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாளத்தைப் பதிவு செய்யச் சொன்னது. ஆசிட் வீச்சைத் தடுக்க வந்த உத்தரவு அது. வீட்டுக்குள் நடக்கும் விபத்தைத் தடுக்க அது மட்டும் போதாது. பிளீச், ஆசிட் இரண்டிலும் 'ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள்' என்று பெரிய எழுத்தில், தமிழில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். பெயரில்லாத பாட்டில் விற்பனையை அதிகாரிகள் நிறுத்த வேண்டும்.

வேட்டியில் கறை இருந்தால் வேறு வேட்டி கட்டிக்கலாம். நுரையீரலுக்கு மாற்று கிடையாது.