மூலைப் பெட்டிக்குள் ஒரு மொழி

தொலைக்காட்சியில் பெரிய மனிதர்கள் பேசும்போது திரையின் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு பெட்டி போட்டு, சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அதற்குள் நிறுத்திவைக்கிறார்கள். பரவாயில்லையே, காது கேளாதவர்களையும் நினைத்திருக்கிறார்களே என்று பார்க்கிற நமக்கு ஒரு திருப்தி. பெட்டி இவ்வளவு சின்னதா இருக்கேன்னு கேட்டால், கை தெரியுதுல்ல, அது போதாதா என்கிறார்கள்.

போதாது.

'செல்வி மாரிக்குப் பணம் கொடுத்தாள்' என்கிறோம். வாங்கியது யார் என்பதை அந்தச் சின்ன 'கு' காட்டிக்கொடுத்துவிடுகிறது. அமெரிக்கச் சைகை மொழியில் இந்த வேலையைச் செய்வது உடம்புக்கு முன்னால் இருக்கிற வெற்றிடம். பேசுகிறவர் வலதுபக்கம் ஓரிடத்தைச் சுட்டிச் செல்வியை அங்கே நிறுத்துகிறார். இடதுபக்கம் மாரி. இரண்டு பேருமே அங்கே இல்லை. ஆனாலும் அந்த இடங்கள் இனி அவர்களுடையவை. 'கொடு' என்ற சைகை வலதிலிருந்து இடதுக்குப் போனால் கொடுத்தது செல்வி. திரும்பி வந்தால் மாரி. கொஞ்ச நேரம் கழித்து அதே வலதுபக்கத்தை விரல் சுட்டினால் 'அவள்' என்று பொருள். நம்முடைய 'அவள்' ஊரில் உள்ள எந்தப் பெண்ணாகவும் இருக்கலாம். அங்கே அந்தக் குழப்பம் இல்லை. (வங்கிக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகிறவன் நான். ஹாலின் இரண்டு மூலையில் நின்றபடி இரண்டு பேர் கையால் சாவகாசமாகப் பேசிக்கொள்வதைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.)

என்னத்த இலக்கணம், அபிநயம் பிடிக்கிற மாதிரிதானே என்பார்கள். அபிநயம் என்றால் எல்லா வினையும் இப்படி ஓடியிருக்க வேண்டும். அதே மொழியில் 'விரும்பு' என்பது நெஞ்சிலிருந்தே கிளம்பும். ஆளுக்கு ஆள் திசை மாறாது. எது திசை மாறும், எது மாறாது என்பதற்கு விதி இருக்கிறது.

1987இல் பாய்ஸ்னர், கிளிமா, பெல்லுகி மூவரும் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அசந்துபோனேன். பக்கவாதம் வந்த காது கேளாதவர்களைப் பற்றியது. மூளையின் வலதுபாதி பழுதான ஒரு பெண்ணுக்கு இடதுபக்க உலகமே கவனத்தில் இல்லை. படம் வரையச் சொன்னால் இடதுபாதி காலி. தன் அறையைச் சைகையில் விவரிக்கச் சொன்னால் சாமான்களையெல்லாம் வலதுபக்கமே குவிக்கிறார். ஆனால் வாக்கியம் என்று வந்துவிட்டால், இடதுபக்கத்தில் நிறுத்தவேண்டிய ஆளை ஒழுங்காக அங்கேயே நிறுத்துகிறார்! வேறு சிலருக்கு இடதுபாதி பழுது. அவர்களுக்குப் படம் வருகிறது, வாக்கியம் உடைகிறது. காது கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் பேச்சு குடியிருப்பதும் அந்த இடதுபாதியில்தான். வெளியே இருக்கும் அதே வெற்றிடம், அறையைக் காட்டும்போது வெறும் இடம், பேசும்போது மொழி.

1880இல் மிலானில் கூடிய கல்வி மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு வழியாக மட்டுமே பாடம் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானங்களைத் தள்ளுபடி செய்ய 2010 வான்கூவர் மாநாடு வரை ஆனது. இடையில் எத்தனை தலைமுறை!

நிகராகுவாவில் நடந்தது வேறு கதை. 1977இல் மனாகுவாவில் ஒரு பள்ளி. 1979 புரட்சிக்குப் பிறகு பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். வகுப்பில் வாத்தியார்கள் உதட்டைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தங்களுக்கென்று ஒரு மொழியைச் செய்துகொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர்களுக்கு ஒரு சைகையை வலதில் செய்தாலும் இடதில் செய்தாலும் பெரிய வித்தியாசமில்லை. பின்னால் சின்ன வயதிலேயே வந்து சேர்ந்த பொடிசுகள்தான், ஒரே இடத்தில் செய்தால் ஒரே ஆளைக் குறிக்கும் என்று அதை விதியாக்கினார்கள். சென்காஸ், கொப்போலா இருவரும் 2001இல் இதை எழுதினார்கள். எந்த இலக்கண ஆசானும் அந்தத் திடல் பக்கம் வந்ததில்லை.

நம் ஊர்க்காரர்கள் இன்னும் 'ஊமை பாஷை' என்றுதான் சொல்கிறார்கள். டில்லியில் 2015இல் இந்தியச் சைகை மொழி மையம் தொடங்கி, 2021க்குள் 10,000 சொற்களுக்கு அகராதி வந்துவிட்டது. வேண்டியதுதான். ஆனால் செல்வி நின்ற இடத்தை எந்த அகராதியில் அச்சடிப்பீர்கள்? சொல்லை மட்டும் மனப்பாடம் செய்து, தமிழ் வாக்கியத்தை வரிசை மாறாமல் கையில் அடுக்குகிறவரை மொழிபெயர்ப்பாளர் என்று மேடையேற்றினால் எதிரே இருப்பவர்களுக்கு மிஞ்சுவது உருபு உதிர்ந்த சொற்கள்.

மறுபடி அந்தப் பெட்டிக்கு வருகிறேன். முழங்கையை விரிக்க இடமில்லாமல் அவர் கையைச் சுருக்கிக்கொள்கிறார். கீழே ஓடும் செய்திப்பட்டை இடுப்பை விழுங்குகிறது. மாரி நிற்கும் இடம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டால் பணம் யாருக்குப் போனது என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? திரையில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும். தலைக்கு மேலே ஒரு சாண், இடுப்பு வரை, இரண்டு பக்கமும் கை விரிகிற அளவு. தலைவரின் முகம் சின்னதாகிப்போகும் என்கிறார்கள். போகட்டுமே, அவர் குரல்தான் கேட்கிறவர்களுக்குக் கேட்கிறதே.