படியெடுத்தோர் பணி

ஒரு மொழியின் இலக்கியச் செல்வத்தைப் பற்றிப் பேசுவோர் பாடிய புலவரைப் போற்றுவர். உரை வகுத்தோரைப் போற்றுவர். அச்சிட்டு வழங்கியோரையும் மறவார். ஆயின், முன்னோர் ஏட்டைக் கண்ணால் பார்த்துக் கையால் பெயர்த்தெழுதிப் பின்னோர்க்கு அளித்தவனை மட்டும் உலகம் எளிதில் மறந்துவிடுகிறது. ‘அவன் தானாக ஒன்றும் இயற்றவில்லையே, இருந்ததைத்தானே எழுதினான், அதில் பெருமை என்ன?’ என்று கேட்பாரும் உளர். இக்கேள்வி எத்துணைப் பொருந்தாதது என்பதை வேல்ஸ் நாட்டு ஏடுகளின் வரலாறு நன்கு காட்டும்.

வேல்ஸ் என்பது பிரிட்டன் தீவின் மேற்கே மலைகள் செறிந்து கிடக்கும் சிறிய நாடு. அங்கு வழங்கும் மொழி ஆங்கிலத்தின் கிளை அன்று. கெல்டிய இனத்தைச் சார்ந்த தனிமொழி. அம்மொழிப் புலவர்கள் அரசர் அவையிலும் செல்வர் மனையிலும் இருந்து பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தனர். ஓரடிக்குள்ளேயே மெய்யெழுத்துகள் முறைமாறாமல் மீண்டும் வந்து ஒலிக்க வேண்டும் என்னும் கடுமையான யாப்பு அவர்களுக்கு இருந்தது. அதனைக் கற்றுத் தேர்வதற்குப் பல ஆண்டுகள் ஆசிரியரிடம் பயில வேண்டும். 1282ஆம் ஆண்டில் லுவெலின் என்னும் இளவரசன் போரில் வீழ்ந்தபின் நாட்டின் உரிமை போயிற்று. பாட்டு மட்டும் போகவில்லை. மடங்களில் வாழ்ந்த துறவிகளும் செல்வரை அடுத்து வாழ்ந்த எழுத்தர்களும் பழம்பாடல்களையும் கதைகளையும் சட்டங்களையும் தோலேடுகளில் எழுதி வைத்தனர். 1250ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்ற ‘கார்மார்தன் கறுப்பு நூல்’ 54 இதழ்களே கொண்ட சிற்றேடு. எனினும், வேல்ஸ் மொழிப் பாடல்களைத் தாங்கிய ஏடுகளுள் அதுவே மிகப் பழமையானவற்றில் ஒன்று.

பதினாறாம் நூற்றாண்டில் இவ்வேடுகளுக்கு இரண்டு திசையிலிருந்தும் கேடு வந்தது. எட்டாம் ஹென்றி மன்னன் 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்து அவற்றின் உடைமைகளைக் கைப்பற்றினான். பொன்னும் வெள்ளியும் கருவூலம் சேர்ந்தன, நிலங்கள் விலைபோயின, ஏடுகளோ கேட்பாரற்றுச் சிதறின. மடத்து நூல்களைப் பலசரக்கு வணிகரும் சவர்க்காரம் விற்போரும் வாங்கிச் சென்றனர் என்று இங்கிலாந்தில் ஜான் பேல் என்பவர் 1549ஆம் ஆண்டில் எழுதி வருந்தினார். அதே 1536ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டை இங்கிலாந்தோடு இணைத்த சட்டம், வழக்குமன்றங்களில் ஆங்கிலமே வழங்க வேண்டும் என்றும், ஆங்கிலம் வழங்காதார் அரசாங்கப் பதவி வகித்தல் ஆகாது என்றும் விதித்தது. பதவி விரும்பிய செல்வர் மக்கள் மெல்ல மெல்ல ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தனர். மடத்தில் இருந்த ஏட்டுக்கு வீடு போயிற்று. மாளிகையில் இருந்த ஏட்டுக்குப் படிப்பவர் போயினர். இவ்விரண்டனுள் பின்னதே கொடிது. வீடிழந்த ஏட்டை எவரேனும் எடுத்து வைத்துக்கொள்வர். படிப்பாரை இழந்த ஏடு பரணில் கிடந்து மட்கிப்போகும்.

மடங்களைப் பார்வையிட அரசன் அனுப்பிய அலுவலருள் ஒருவராகிய சர் ஜான் பிரைஸ் வேல்ஸ் மொழியில் பற்றுடையவர். அழிக்கும் பணிக்குச் சென்றவரே காக்கும் பணியையும் செய்தார் என்பது வியப்பே. கார்மார்தன் கறுப்பு நூல் அவர் கையில் சேர்ந்து பிழைத்தது. வேல்ஸ் மொழியில் முதன்முதல் அச்சேறிய நூலை 1546ஆம் ஆண்டில் வெளியிட்டவரும் அவரே.

‘அச்சுப் பொறி வந்துவிட்டதே, அதன்பின் கையால் எழுதுவானேன்?’ என்று சிலர் ஐயுறலாம். அச்சுப் பொறி வந்தது உண்மை. வேல்ஸ் நாட்டுக்கு வரவில்லை. இலண்டனிலும் இரு பல்கலைக்கழக நகரங்களிலும் அல்லாமல் வேறெங்கும் அச்சகம் வைத்தல் கூடாது என்று 1586ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. அக்கட்டு 1695ஆம் ஆண்டில்தான் தளர்ந்தது. வேல்ஸ் மண்ணில் சட்டப்படி ஓர் அச்சகம் 1718ஆம் ஆண்டில்தான் அமைந்தது. அதற்கு முன் தொலைவிலிருந்து அச்சாகி வந்த வேல்ஸ் நூல்களுள் பெரும்பாலன சமய நூல்கள். 1588ஆம் ஆண்டில் வில்லியம் மார்கன் மொழிபெயர்த்து வெளியிட்ட விவிலியம் அம்மொழிக்குப் புதுவாழ்வு தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் பழம்புலவர் பாடல்களை அச்சிடப் பொருள் தருவார் எவர்? அவற்றுக்குக் கையெழுத்து ஒன்றே துணையாயிற்று.

அத்துணையாய் நின்றோருள் மல்லுய்ட் என்னும் ஊரில் சமயகுருவாக விளங்கிய ஜான் டேவிஸ் முதலில் எண்ணத்தக்கவர். 1621ஆம் ஆண்டில் இலக்கணமும் 1632ஆம் ஆண்டில் அகராதியும் வெளியிட்ட பெரும்புலவர் அவர். இலக்கணத்திற்கும் அகராதிக்கும் சான்று வேண்டும். சான்று வேண்டின் பழம்பாடல் வேண்டும். ஆதலின் ஏடுள்ள இடம் நாடி, இரவல் பெற்று, தம் கையாலேயே படியெடுத்தார். 1617ஆம் ஆண்டில் அவர் படியெடுத்த ஏடுகளுள் ஒன்று, வேல்ஸ் இளவரசர்களைப் பாடிய புலவர்களின் பாடல்களை 1300ஆம் ஆண்டளவில் தொகுத்து எழுதியது. அம்மூல ஏடு பின்னர்க் கைமாறிக் கைமாறிக் கண்ணுக்கு மறைந்தது. எங்கே போயிற்று என்று அறிவார் இல்லை. நெடுங்காலம் கழித்து 1910ஆம் ஆண்டில், ஹெந்த்ரெகாட்ரெத் என்னும் மாளிகையின் பழைய துணி அலமாரி ஒன்றைத் துப்புரவு செய்தபோது அது அகப்பட்டது! இடைப்பட்ட காலத்தில் அப்பாடல்களைக் கற்க விரும்பியோர்க்கு டேவிஸின் படி கைகொடுத்தது. மூலம் கிடைத்துவிட்டமையால் இன்று அப்படி வேண்டாததாயிற்று என்று கருதுவது நன்றியன்று. அலமாரி அன்று திறக்கப்படாதிருந்தால் என் செய்வது?

டேவிஸுக்கேனும் குருமனையும் வருவாயும் இருந்தன. படியெடுக்கும் பணியில் அவரினும் மிகுதியாக உழைத்த மற்றொருவருக்கு அவை இல்லை. பிளின்ட் மாவட்டத்தில் கெல்லிலுவ்டி என்னும் மனைக்கு உரியவரான ஜான் ஜோன்ஸ், ஏடுகளைப் போற்றிய குடும்பத்தில் பிறந்தவர். கடன் தொல்லையால் இலண்டன் மாநகரின் பிளீட் சிறையில் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். அந்நாளில் கடனாளிச் சிறை விந்தையானதோர் இடம். கடனைத் தீர்க்க வழியற்றவனை அதில் அடைப்பர். அடைபட்டவனோ தங்குதற்கும் உண்பதற்கும் காவலனுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அத்தகைய இடத்தில் மனம் உடைந்து மாண்டவர் பலர். ஜோன்ஸோ அங்கே இருந்துகொண்டு வேல்ஸ் நாட்டுப் பழஞ்சுவடிகளைப் படியெடுத்தார். ஒன்றன்று, இரண்டன்று, பல பத்துத் தொகுதிகள். விரைந்து கிறுக்கிய எழுத்தும் அன்று. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் பெரிய எழுத்துகளைக் கொடியும் பின்னலுமாக அழகுசெய்து, வரி கோணாமல், மை சிதறாமல் எழுதினார். எந்த நாளில் எந்த இடத்தில் எழுதினார் என்பதையும் குறித்து வைத்தார். வேல்ஸ் மொழியில் இரட்டை எழுத்தால் எழுதும் சில ஒலிகளை, ஓரெழுத்தின் கீழ்ப் புள்ளியிட்டு எழுதுவது அவர் வழக்கம். மூலத்தின் எழுத்து முறையை இவ்வாறு மாற்றியது சரியோ என்று இக்காலத்தார் குறை கூறலாம். குறைதான், எனினும் சொல்லை மாற்றாதவரை அதனைப் பெரும்பிழை எனல் ஆகாது.

இப்பணிக்கு அவர் பெற்ற கூலி யாது? சிறையிலிருப்பவனுடைய எழுத்துக்கு விலை கொடுப்பார் இல்லை. அவர் எழுதிய மொழியைச் சுற்றியிருந்தோர் பலர் அறியவும் மாட்டார். 1658ஆம் ஆண்டளவில் அவர் காலமானார். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தவையும் எழுதியவையும் இராபர்ட் வாகன் என்னும் நண்பரைச் சென்றடைந்தன. இருவருள் முன்னர் இறப்பவருடைய ஏடுகள் மற்றவரைச் சேர வேண்டும் என்று அவர்கள் உடன்பாடு செய்திருந்தனர் என வழிவழியாகச் சொல்வர்.

இராபர்ட் வாகன் மெரியனத் மாவட்டத்தில் டொல்கெல்லாய் நகருக்கு அண்மையிலுள்ள ஹெங்கூர்ட் மனையில் வாழ்ந்தவர். 1667ஆம் ஆண்டில் மறைந்தார். கறுப்பு நூலும், பழங்கதைகள் அடங்கிய ‘ரிதர்க் வெள்ளை நூலும்’, ‘தாலியேசின் நூலும்’ அவர் மனையில் ஒருங்கே சேர்ந்தன. ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதைத்தொகுதிக்குரிய மிகப் பழைய படிகளுள் ஒன்றும் அங்கே இருந்தது. இத்துணைச் செல்வம் வைத்திருந்தவர் 1662ஆம் ஆண்டில் சிறிய நூலொன்றைத்தான் அச்சிட்டார். ‘ஏடுகளை உலகுக்கு வழங்காமல் பூட்டி வைத்தவர்’ என்று அவரைப் பழிப்பது எளிது. அவருக்குப்பின் வந்த மரபினர் காலத்தில் அப்பழி ஓரளவு பொருந்தவும் கூடும். வாகனுக்கு அது பொருந்தாது. அவர் தாமும் படியெடுத்தவர். அறிஞரோடு கடிதத் தொடர்பு கொண்டு ஐயம் தீர்த்தவர். உள்நாட்டுப் போரால் நாடே அலைக்கழிந்த காலத்தில் சிதறியவற்றை ஓரிடத்தில் சேர்த்தவர். சேர்ப்பார் இல்லையேல் பின்னால் வழங்குவதற்கு என்ன இருக்கும்? ஆயினும் ஓரிடத்தில் சேர்ப்பதில் ஓர் அச்சமும் உண்டு. ஹாவோட் என்னும் மாளிகை 1807ஆம் ஆண்டில் தீக்கிரையானபோது அங்கிருந்த நூலகமும் உடன் எரிந்தது. 1858ஆம் ஆண்டில் வின்ஸ்டே மாளிகையிலும் அவ்வாறே நேர்ந்தது. ஹெங்கூர்ட்டில் அத்தகைய தீ ஒன்று பற்றியிருக்குமானால் வேல்ஸ் இலக்கியத்தின் தலையூற்றே வற்றியிருக்கும். ஆதலின் சேர்ப்பவரைக் காட்டிலும் படியெடுப்பவரையே ஒருபடி உயர்த்திக் கூறத் தோன்றுகிறது. ஏடு ஒன்றாய் இருக்கும்வரை அது ஒரு தீப்பொறிக்கு அடிமை. இரண்டாயின் அவ்வச்சம் பாதியாய்க் குறையும்.

படியெடுப்போன் என்றால் எவனாயினும் ஆகுமோ? ஆகாது. கண்டதைக் கண்டவாறு எழுதும் நேர்மை வேண்டும். கறுப்பு நூலின் ஓரங்களில் பல தலைமுறையினர் எழுதிய குறிப்புகளும் பாட்டுகளும் வரைந்த முகங்களும் ஒருகாலத்தில் இருந்தன. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அதனை வைத்திருந்த ஜாஸ்பர் கிரிபித், நூலைத் தூய்மை செய்வதாக எண்ணி அவற்றைச் சுரண்டி அழித்திருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். 2015ஆம் ஆண்டில் புறஊதா ஒளியின் துணையால் அவற்றுட் சில மீண்டும் புலப்பட்டன. ஜாஸ்பரும் ஏடுகளை விரும்பிச் சேர்த்தவரே. அன்பு மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

இதனினும் பெரிய தீங்கு விளைத்தவர் அயோலோ மார்கனுக். 1747 முதல் 1826 வரை வாழ்ந்த இவர் கல்தச்சர், கவித்திறம் மிக்கவர், நாடெங்கும் நடந்து உண்மையான ஏடுகள் பலவற்றைப் படியெடுத்தவர். ஆனால், தாமே பாடிய பாடல்களைப் பதினான்காம் நூற்றாண்டுப் பெருங்கவிஞராகிய டாவித் அப் குவிலிம் பாடியவை என்று சொல்லிக் கொடுத்தார். அக்கவிஞரின் பாடல்கள் 1789ஆம் ஆண்டில் அச்சானபோது அவையும் உடன் அச்சாயின. நூறாண்டுக்கு மேல் கற்றாரும் மயங்கினர். 1926ஆம் ஆண்டில் கிரிபித் ஜான் வில்லியம்ஸ் என்னும் பேராசிரியர் உண்மையை வெளிப்படுத்தினார். அப்பாடல்கள் இனியவை என்று அயோலோவுக்கு இரங்குவோர் இன்றும் உளர். இனியவையே, ஆனால் இனிமை இங்கு வழக்கன்று. இடைச்செருகல் செய்தவன் கைப்பட்ட மெய்யான ஏட்டையும் பின்வருவோர் ஐயத்தோடு பார்க்கும்படி ஆயிற்று. தமக்குக் கவித்திறம் இருந்தும் முன்னோர் சொல்லில் ஒன்றைக் கூட்டாமலும் ஒன்றைக் குறைக்காமலும் எழுதியவர்கள் அடக்கிய ஆசை எத்துணை என்பதை அயோலோவைக் கண்டபின்னரே உணர முடிகிறது.

ஈவன் எவன்ஸ் என்பார் அத்தகைய அடக்கம் உடையவர். தாமே சிறந்த கவிஞராயினும், உதவிக்குருவாக ஊர் ஊராய் மாறித் திரிந்த வறுமையிலும் பழம்பாடல்களைப் பெயர்த்தெழுதுவதை விடவில்லை. 1764ஆம் ஆண்டில் அவற்றுட் சிலவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். முதுமையில் ஆண்டுக்கு 20 பவுன் உதவிப்பணத்துக்கு ஈடாகத் தம் ஏடுகளையெல்லாம் ஒரு செல்வருக்கு ஒப்புக்கொடுத்தார். 1788ஆம் ஆண்டில் காலமானார்.

ஹெங்கூர்ட் ஏடுகள் 1859ஆம் ஆண்டில் மரபுரிமையாகப் பெனியார்த் மாளிகையை அடைந்து அப்பெயரே பெற்றன. பின்னர் மருத்துவர் சர் ஜான் வில்லியம்ஸ் அவற்றை விலைகொடுத்து வாங்கி நாட்டுக்கு அளித்தார். 1907ஆம் ஆண்டில் ஆபெரிஸ்டுவித் நகரில் நிறுவப்பெற்ற வேல்ஸ் தேசிய நூலகத்திற்கு அவையே அடிப்படைச் செல்வமாயின. கறுப்பு நூலும் வெள்ளை நூலும் அங்கே உள்ளன. கெல்லிலுவ்டி ஜான் ஜோன்ஸின் தொகுதிகளும் அவற்றோடு உள்ளன. 1632, 1633ஆம் ஆண்டுகளில் சிறையிலிருந்தபடியே அவர் தொகுத்த சொற்பட்டியல்களும் அவற்றுள் அடங்கும். அவை புலவர் வழக்கில் நின்ற அருஞ்சொற்கள் அல்ல. வீட்டுப் பொருள்கள், கைத்தொழில்கள், உழவு, இயற்கை ஆகியவற்றைச் சார்ந்து மக்கள் நாவில் வழங்கிய சொற்கள். ஊரையும் வயலையும் காண இயலாதிருந்த ஒருவர் அவற்றின் பெயர்களை வகைவகையாக நினைவுகூர்ந்து, இலண்டன் சிறையின் சுவர்களுக்குள் அமர்ந்து, அழகிய எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்.