பூனைக்கு நாம் பட்ட கடன்



மீன் ஆயும் நேரம் பார்த்து அடுக்களை வாசலில் வந்து அமர்ந்துகொள்ளும் பூனையை அறியாத இல்லம் நம்மிடையே உண்டா? உளூச் செய்ய வைத்த நீரில் பூனை வாய்வைக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கட்டும் என்று நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்த செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே பூனையைக் கூண்டில் அடைத்து, நோய்க்கிருமியை உடலில் செலுத்திப் பார்க்கும் ஆய்வுக்கூடங்களும் உலகில் இருக்கின்றன. அது தகுமா? இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெட்டலூமா என்றோர் ஊர். அங்கே ஏராளமான பூனைகளை வளர்த்துவந்த ஓரிடத்தில், ஒரே அடைப்பிலிருந்த பல பூனைகள் மடிந்தன. வேறு சில, நோய் எதிர்ப்பாற்றலை இழந்து நலிந்தன. பூனைகளுக்கு இரத்தப் புற்றுநோய் தரும் வைரஸ் ஒன்றை 1964-லேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரெட் குழுவினர் கண்டறிந்திருந்தனர். பெட்டலூமாப் பூனைகளிடம் அதுவும் இல்லை.

டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ ஆகியோர் ஆராய்ந்து, 1986-ல் புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்தனர். நோயுற்றிருந்த 25 பூனைகளுள் 10-இல் அதன் தடயம் இருந்தது. நலமாயிருந்த 18-இலோ ஒன்றே ஒன்றில்தான். மனிதரைத் தாக்கும் எய்ட்ஸ் கிருமி அறியப்பட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. புதிய வைரஸும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தது. எனினும் பூனையிடமிருந்து மனிதருக்கு அது தொற்றுவதில்லை.

இதுவரை குறை கூற ஒன்றுமில்லை. நோயாளியின் இரத்தத்தை எடுத்துச் சோதிப்பது மருத்துவர் கடமை. ஆனால் அடுத்த படியில்தான் நம் மனம் இடறுகிறது. நோயுற்ற பூனைகளின் இரத்தம் நலமாயிருந்த குட்டிகளின் உடலில் செலுத்தப்பட்டது. சில வாரங்களில் அவற்றின் நிணநீர்க் கணுக்கள் வீங்கின, காய்ச்சல் கண்டது, வெள்ளணுக்கள் குறைந்தன. ஐந்து மாதம் சென்றும் வீக்கம் வடியவில்லை. ஏன் இப்படிச் செய்தார்கள்? கிருமிதான் நோயின் காரணமா, நோயுற்ற உடலில் தற்செயலாகத் தங்கியிருந்ததா என்பதை அன்று வேறு வழியில் உறுதிசெய்வது அரிதாயிருந்தது.

அந்தக் குட்டிகளால் பிற பூனைகளுக்கு நன்மை விளைந்தது என்பதை மறுக்க முடியாது. இந்நோய் பெரும்பாலும் கடிகாயத்தின் வழியே பரவுகிறது என்பதும், தொற்றிய பூனையும் நல்ல பராமரிப்பில் பல்லாண்டு வாழக்கூடும் என்பதும் இன்று தெரிகின்றன. பரிசோதனையில் தொற்று தெரிந்தவுடன் பூனையைக் கொன்றுவிட வேண்டியதில்லை என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இந்த அறிவின் பயனே. பூனைகளின் இரத்தப் புற்று வைரஸுக்கு 1985-லேயே தடுப்பூசியும் வந்துவிட்டது.

நமக்கும் பங்கு உண்டு. இன்று எய்ட்ஸ் நோயாளிகளின் உயிரைக் காத்துவரும் டெனோஃபோவிர் என்ற மருந்துக்கு நெருங்கிய உறவான ஒரு சேர்மம், 1990-லேயே இவ்வைரஸ் தொற்றிய பூனைகளிடம் சோதிக்கப்பட்டது. அம்மருந்தை விழுங்கும் எவரும் பூனைக்கு ஓரளவு கடன்பட்டவரே.

ஆயினும் எல்லா ஆய்வையும் ஒரே தராசில் நிறுக்க இயலாது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், இவ்வைரஸ் தொற்றிய பூனைகளுக்கு மெத்தாம்ஃபெட்டமின் என்னும் போதைப்பொருளைக் கொடுத்து ஆராய்ந்தனர். எய்ட்ஸ் நோயாளி அதை உட்கொண்டால் மூளைக்கு என்ன நேரும் என்று அறிவதே நோக்கம். எதிர்ப்பு வலுத்தது, கொலை மிரட்டலும் வந்தது, ஆய்வாளர் 2002-ல் பதவியை விட்டே விலகினார். மிரட்டியவர்களின் செயல் அறவே தவறு. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி தவறல்ல. மனிதன் தானே தேடிக்கொள்ளும் கேட்டுக்குப் பூனை ஏன் விலைகொடுக்க வேண்டும்?

ஒரு பெண் பூனையைக் கட்டிவைத்ததால் தண்டனைக்கு உள்ளான நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். அவள் உணவும் தரவில்லை. தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடவில்லை. ஆய்வுக்கூடத்துப் பூனைக்கு வேளை தவறாமல் உணவு கிடைக்கிறது. அவிழ்த்துவிடுவதுதான் இல்லை. ஆதலால் அடைத்து வைப்பவர் அதற்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும் என்பது என் கருத்து. ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கில அறிஞர்கள் 1959-லேயே விஞ்ஞானிகளிடம் மூன்று நிபந்தனைகளை வைத்தனர்: உயிரினமின்றி முடியுமானால் அவ்வழியே செல்லுங்கள், முடியாதெனில் எண்ணிக்கையைக் குறையுங்கள், வேதனையைத் தணியுங்கள். பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பூனைக்குத் தனிப் பாதுகாப்பே அளித்தது: வேறு விலங்கு பொருந்தாது என்று காட்டினாலன்றிப் பூனையைத் தொட அனுமதி இல்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பூனை சண்டையிட்டுக் கடிபட்டு வந்து, நாளடைவில் மெலிந்து, ஈறு புண்ணாகி, உண்ண மறுத்தால் அஞ்சித் தெருவில் விட்டுவிடாதீர்கள். அந்நோய் உங்கள் பிள்ளைகளுக்குத் தொற்றாது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஒரு துளி இரத்தத்தில் அவர் கண்டு சொல்லிவிடுவார். ஊசி ஏற்றப்பட்ட அந்தக் குட்டிகளுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.