ஓய்வு நேரக் கொள்ளை!

சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலையில் ஷிப்டு முடிந்து வெளியே வரும் தொழிலாளியைப் பாருங்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கை சட்டைப் பைக்குப் போகிறது. செல்போன் வெளியே வருகிறது. கரும்பு வெட்டிவிட்டு வரும் விவசாயக் கூலியும், விருத்தாசலம் பீங்கான் பட்டறையிலிருந்து வரும் இளைஞனும் அப்படியே. ஒரு காலத்தில் இதே பெஞ்சில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். கூலிப் பேச்சும் போனஸ் பேச்சும் அங்கேதான் பிறக்கும். இன்று பத்துப் பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு உலகம்.

“காலம் கெட்டுவிட்டது, பையன்கள் உருப்பட மாட்டார்கள்” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நமது அபிப்பிராயம் அதுவல்ல. வியர்வை சிந்தி உழைத்தவன் கொஞ்ச நேரம் சிரிக்க விரும்புவதில் என்ன குற்றம்? விளையாட்டு குற்றமல்ல, வேடிக்கையும் குற்றமல்ல. அந்த விளையாட்டும் வேடிக்கையும் யார் கையில் இருக்கின்றன, யாருடைய லாபத்துக்காக நடக்கின்றன என்பதுதான் கேள்வி.

எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கே சொந்தம்! இந்தக் கோரிக்கைக்காக 1886-ல் சிக்காகோ தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள். 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். நூறு வருஷம் கழித்து 2023 ஏப்ரலில், வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேற்றப்பட்டது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்றே அதை வாபஸ் பெறுவதாக சர்க்கார் அறிவிக்க நேர்ந்தது.

வாசல் வழியாக வந்த திருடனை விரட்டிவிட்டோம். ஆனால் கொல்லை வழியாக வந்தவனை வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறோமே! மூன்றாவது எட்டு மணி, நமக்கே சொந்தமென்று வாங்கிய அந்த நேரம், இன்று செல்போன் வழியே களவு போகிறது.

எப்படி? பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் ஒரே முதலாளி, மெட்டா என்ற அமெரிக்கக் கம்பெனி. 2024-ம் ஆண்டில் அதன் வருமானம் 16,000 கோடி டாலருக்கு மேல். ஏறக்குறைய எல்லாமே விளம்பரப் பணம். நாம் திரையை எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம், அவ்வளவு லாபம். ஆகவே ஒரு ரீல்ஸ் முடியுமுன் அடுத்தது தயாராக நிற்கிறது. எது வரும் என்று தெரியாத ஆவல் விரலை விடுவதில்லை. லாட்டரிச் சீட்டைச் சுரண்டுகிறவனின் ஆவலும் இதுவேதான். ஆலை முதலாளி அரைவயிற்றுக் கூலியாவது தருகிறான். இவர்கள் அதையும் தருவதில்லை. ரீசார்ஜ் செலவும் நம்முடையதே!

இன்ஸ்டாகிராம் இளம் பெண்களின் மனதைக் கெடுக்கிறது என்பது அந்தக் கம்பெனியின் சொந்த ஆராய்ச்சியிலேயே தெரிந்திருந்தது. அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் என்ற பெண்மணி 2021-ல் ஆவணங்களோடு அதை அம்பலப்படுத்தினார். தெரிந்தே செய்த வியாபாரம் இது.

இன்னொரு கொள்ளை, சூதாட்டம். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. ஏழைக் குடும்பங்கள் மூச்சு விட்டன. பின்னர் ஆன்லைன் ரம்மி என்ற பெயரில் அதே சனியன் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தது. சினிமா நட்சத்திரங்கள் “வாருங்கள், ஆடுங்கள்” என்று அழைத்தார்கள். கூலிக்காரன் தோற்றான்; கடன் வாங்கி ஆடினான்; மறுபடி தோற்றான்; சிலர் உயிரையே விட்டார்கள். 2021-ல் ஒரு தடைச் சட்டத்தை ஹைகோர்ட் ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது. அக்டோபரில் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவைக் கவர்னர் மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டசபை மறுபடி நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்தச் சட்டம் ரம்மிக்குச் செல்லாது என்று நவம்பரில் ஹைகோர்ட் சொல்லிவிட்டது!

மத்திய சர்க்கார் என்ன செய்தது? 2023 அக்டோபர் முதல் பந்தயப் பணத்துக்கு 28 சதவீத வரி போட்டு வசூலித்தது. 2025 ஆகஸ்டில்தான் பண ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தைப் பார்லிமெண்டில் கொண்டுவந்தது. வரவேற்கிறோம். ஆனால் இத்தனை வருஷம் பாழான குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது?

தேசபக்தி வேஷத்தையும் பார்க்க வேண்டும். 2020 ஜூன் 29-ல் சீனச் செயலி என்று டிக்டாக்கைத் தடுத்தார்கள். ஜூலையிலேயே அமெரிக்க ரீல்ஸ் இங்கே வந்திறங்கியது. அதற்கு முன் ஏப்ரலில்தான் பேஸ்புக் 43,574 கோடி ரூபாய் போட்டு அம்பானியின் ஜியோவில் பங்காளியானது. கடையின் பெயர்ப் பலகை மாறியது, சரக்கு மாறவில்லை.

அப்படியானால் செல்போனைத் தூக்கி எறிவதா? இல்லை. துபாயில் இருக்கும் மகன் முகத்தைத் தாய் அதில்தான் பார்க்கிறாள். 2017-ல் மெரினாவில் இளைஞர்கள் திரண்டதற்கு அது உதவியது. டெல்லி எல்லையில் போராடிய விவசாயிகள் தங்கள் செய்தியைத் தாங்களே பேஸ்புக்கில் சொன்னார்கள். ஆனால் 2020 டிசம்பரில் ஒரு நாள் அந்தப் பக்கத்தையே கம்பெனி நீக்கியது. கண்டனம் எழுந்த பின்பே திருப்பித் தந்தது. இதில் பாடம் இருக்கிறது. இரவல் ஒலிபெருக்கியில் பேசலாம். அதை நம்பி சங்கத்தை நடத்த முடியாது. நேருக்கு நேர் கூடிய கூட்டத்தை எந்தக் கம்பெனியும் அழிக்க முடியாது.

ஆகவே நாம் கோருவது இது. தடைச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கக் கூடாது; வெளிநாட்டிலிருந்து ஒளிந்து நடத்தும் சூதாட்டச் செயலிகளையும் அவற்றின் விளம்பரங்களையும் ஒழிக்க வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் கம்பெனிகளைப் பொறுப்பாக்க வேண்டும். சீனா 2021-ல் சிறுவர்களின் ஆன்லைன் விளையாட்டை வாரம் மூன்று மணி நேரத்துக்குக் குறைத்தது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு சமூக ஊடகக் கணக்கைத் தடுத்தது. நம் சர்க்காருக்கு மட்டும் ஏன் தயக்கம்? ஊர்தோறும் விளையாட்டுத் திடல் வேண்டும். பூட்டிக் கிடக்கும் கிராம நூலகங்களைத் திறக்க வேண்டும். ஆடத் திடலும் படிக்க இடமும் இல்லாத பையனிடம் செல்போனை வைத்துவிடு என்றால் எங்கே போவான்?

நாமே செய்ய வேண்டியதும் உண்டு. அடுப்படியிலும் வயலிலுமாக ஓய்வென்பதையே அறியாத நம் தாய்மார்களுக்கு, செல்போனில் போகும் நேரத்தில் பாதியையாவது வீட்டு வேலையில் கைகொடுத்துத் திருப்பித் தருவோம். யூனியன் கூட்டம் தொடங்கும்போது செல்போன்களை ஒரு மேஜையில் வைப்போம். மாலையில் ஒரு மணி நேரம், ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கட்டும்.

தோழர்களே! உழைப்பு நேரத்தில் சுரண்டுகிறவன் ஓய்வு நேரத்தையும் விட்டுவைக்கவில்லை. போராடிப் பெற்ற அந்த எட்டு மணி நம்முடையது. அதை மீட்போம்!