கிலோமீட்டரைப் பார்க்காதீங்க, அடியில பாருங்க!

பழைய டீசல் வண்டி வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" எண்பதாயிரம் என்றால் முகம் மலரும். மூன்று லட்சம் என்றால் கதவைக்கூடத் திறந்து பார்க்காமல் கிளம்பி விடுவார்கள். மற்ற ஊர்களில் இந்தக் கேள்விக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. தூத்துக்குடியில் இது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. இங்கே வண்டியைக் கொல்வது தூரம் அல்ல, உப்பு!

எந்த வண்டி என்று முதலில் சொல்லிவிடலாம். வெளிநாட்டில் ஸ்டேஷன் வேகன் என்கிற வகை நம் நாட்டில் எடுபடவே இல்லை. டாடா கம்பெனி 1992ல் எஸ்டேட் கொண்டு வந்தது. பிறகு இண்டிகோ மரீனா வந்தது. இரண்டும் நிலைக்கவில்லை. குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு திருச்செந்தூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற வேலையை இங்கே செய்தவை டாடா சுமோவும் டொயோட்டா குவாலிஸும்தான். சுமோ 1994ல் வந்து 2019ல் நின்றது. குவாலிஸ் 2000ல் வந்து 2005ல் இன்னோவாவுக்கு இடம் விட்டது. ஆக, இன்று ஒருவர் குவாலிஸ் வாங்குகிறார் என்றால் இருபது வயதான வண்டியை வாங்குகிறார். சேமிப்பைப் போட்டு வாங்குகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இந்தப் பழைய டீசல் என்ஜின்கள் ஏன் இவ்வளவு உழைக்கின்றன? குவாலிஸில் இருப்பது 2.4 லிட்டர் என்ஜின். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. இவ்வளவு பெரிய என்ஜினிடம் கேட்கப்படும் சக்தி கொஞ்சம்தான். அதனால் அது மூச்சு முட்டாமல் ஓடுகிறது. மதுரை நான்குவழிச் சாலையில் டாக்சியாக ஓடி மூன்று லட்சம் தொட்ட வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் எப்போதும் சரியான சூட்டில் இருந்திருக்கும். கிளட்ச்சுக்கு வேலை குறைவு. ஓடினால்தான் சோறு என்பதால் ஆயிலும் நேரத்துக்கு மாற்றியிருப்பார்கள்.

இன்னொரு பக்கம், பீச் ரோடு வீட்டு வாசலில் பத்து வருடம் நின்ற "குறைந்த கிலோமீட்டர்" வண்டி. கடல் காற்றில் வரும் உப்பு அடிப்பாகத்தில் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஈரம் இரும்பைத் தின்னும். வண்டி நின்றாலும் துரு நிற்பதில்லை! மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் சேஸிஸ் பொரிந்து போயிருக்கும். துரு பிரேக் பைப்பைத் தின்றுவிட்டால் அது செலவு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

இந்தக் கரையில் இரண்டு வகை வண்டிகளிடம் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். ஒன்று, மீன் பெட்டி ஏற்றிய வண்டி. ஐஸ் உருகி வழிகிற உப்புத் தண்ணீர் பின் தளத்துக்கு உள்ளிருந்தே துரு பிடிக்க வைக்கும். வாடையை சென்ட் போட்டு மறைக்கலாம், தகரத்தில் விழுந்த ஓட்டையை மறைக்க முடியாது. மேட்டைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு, வெள்ளத்தில் நின்ற வண்டி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அப்போது மூழ்கிய வண்டிகளும் பின்னாளில் கைமாறும். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தால் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் வண்டல் இருக்கும். கியர் பாக்ஸ் ஆயிலும் பின் ஆக்சில் ஆயிலும் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆறிய என்ஜின் பொய் சொல்லாது. சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. மிதிக்கும்போது கரும்புகை கொட்டினால் ஏர் பில்டர், நாசில், பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை அடங்கவே இல்லை என்றால் ஹெட் கேஸ்கட் மேலும் சந்தேகம் வரலாம். ஓடுகிற என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பது இதைத்தான். ரீபோர் செலவு காத்திருக்கிறது. ஒரு சின்ன காந்தத்தை பாடியில் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது. கடைசியாக, வண்டியை ரேம்ப்பில் ஏற்றச் சொல்லி அடியில் டார்ச் அடியுங்கள். ரேம்ப்பில் ஏற்ற மறுக்கிறவரிடம் வண்டி வாங்க வேண்டாம் :-)

வாங்குவது பாதி வேலைதான். கையில் உள்ள முழுப் பணத்தையும் வண்டி விலையாகக் கொடுத்து விடுவதுதான் பலர் செய்யும் தவறு. மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஏனென்றால் முதல் மாதமே வேலைகள் இருக்கும். குவாலிஸில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லை என்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிட வேண்டும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், என்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் ரப்பர். இருபது வருட ரப்பரை நம்பக் கூடாது.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தையும் இந்த ஊரில் விட்டுவிட வேண்டும். உவர்த் தண்ணீர் உள்ளே படிந்து அடைக்கும், அரிக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் ரேடியேட்டரை விட மலிவு. டீசல் பில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். உப்பளப் பக்கமோ கடற்கரையோ போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். அண்டர் கோட்டிங் நல்லது, ஆனால் துருவைச் சுரண்டி எடுத்த பிறகு. துருவின் மேலேயே பூசினால் அதைப் பத்திரமாக மூடி வைத்த கதைதான். சிலர் கழிவு ஆயிலை அடித்து விடுகிறார்கள். அது ரப்பர் புஷ்ஷை ஊற வைத்துக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து.

காகிதச் செலவும் உண்டு. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கார்களுக்கு இந்தக் கட்டணம் 600லிருந்து 5,000 ரூபாய் ஆனது. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் அறிவித்தது. பழைய குவாலிஸில் ஏர்பேக் கிடையாது. தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஊருக்குள் நின்று நின்று போகவும் இந்த வண்டி வேண்டவே வேண்டாம். மாதம் நாலைந்து தடவை எட்டுப் பேரோடு வெளியூர் போகிற குடும்பம், புது வண்டிக்குப் பத்துப் பதினைந்து லட்சம் கடன் வாங்க முடியாத குடும்பம், அவர்களுக்குத்தான் இது.

அவர்களும் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மீட்டரில் உள்ள எண்ணைக் குறைத்து வைக்கச் சில நிமிடம் போதும். சேஸிஸில் ஏறிய துருவைக் குறைத்து வைக்க யாராலும் முடியாது. உள்நாட்டில் ஓடிய, பில்களோடு வருகிற மூன்று லட்சம் கிலோமீட்டர் வண்டி, கடற்கரையில் சும்மா நின்ற எண்பதாயிரம் கிலோமீட்டர் வண்டியை விட நல்ல வண்டி.